சைவமா, அசைவமா? விடுதிப் படிவம் கேட்காத கேள்விகள்

கல்லூரிச் சேர்க்கை முடிந்து விடுதிக்கு விண்ணப்பம் போடுகிற பருவம் இது. பெற்றோர் கையொப்பம், சாதிச் சான்றிதழ் நகல், இரத்த வகை என்று நீளும் அந்தப் படிவத்தில் ஓரிடத்தில் இரண்டு சின்னக் கட்டங்கள் இருக்கும். ஒன்று சைவம், இன்னொன்று அசைவம். ஏதாவது ஒன்றை டிக் அடிக்க வேண்டும். பெரிய நிறுவனங்களில் தென்னிந்திய மெஸ், வடஇந்திய மெஸ், ஜெயின் உணவு என்று திட்டங்களாகவே பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டணம் போட்டிருப்பார்கள். உங்கள் உணவுப் பழக்கத்துக்கு ஏற்றதைத் தேர்வு செய்துகொள்ளுங்கள் என்று ஒரு குறிப்பும் இருக்கும்.

வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிற ஒரு பிள்ளைக்கு அந்தப் படிவத்திலேயே எளிதான கேள்வியாகத் தெரிவது இதுதான். அது அவ்வளவு எளிதானதல்ல என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இடையில் வேலைக்குப் போன ஆண்டுகளைக் கழித்துவிட்டுப் பார்த்தால், பத்தாண்டுகளுக்கு மேல் விடுதிச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறேன். இளங்கலையில் அரசு ஆதிதிராவிடர் நல விடுதி. முதுகலையில் ஒரு மாநிலப் பல்கலைக்கழக விடுதியின் டிவைடிங் மெஸ். இப்போது முனைவர் பட்ட ஆய்வுக்காக, தமிழ்நாட்டுக்கு வெளியே ஒரு மத்தியக் கல்வி நிறுவனம். முதல் விடுதியில் சைவமா அசைவமா என்று யாரும் எங்களைக் கேட்டதே இல்லை. போட்டதைத் தின்றோம். மூன்றாவது விடுதியில் கேள்விக்குக் குறைவே இல்லை. ஆனால் நாம் சொல்லும் பதிலை வைத்து நம் பக்கத்தில் யார் உட்காருவார்கள் என்பது முடிவாகிறது. கட்டங்கள் கூடக் கூடச் சுதந்திரமும் கூடும் என்று நினைக்கிறோம். என் அனுபவத்தில் கூடியது வேறு.

சொல்லிலேயே தொடங்கும் சாய்வு

அந்த இரண்டு சொற்களை முதலில் பார்ப்போம். சைவம் என்பது ஒரு சமயத்தின் பெயர். அந்தப் பெயரே தமிழில் காய்கறி உணவுக்கும் பெயராகி நிற்கிறது. மீன், கோழி, ஆடு, மாடு, பன்றி, நண்டு, நத்தை என்று உழைக்கும் மக்கள் காலம் காலமாக உண்டு வருகிற இத்தனைக்கும் சேர்த்து மிஞ்சியது ஓர் 'அ'தான். சைவம் அல்லாதது அசைவம். இது ஒரு பெயர்கூட அல்ல, மறுப்பு. ஊருக்கு ஊர் 'உயர்தர சைவ உணவகம்' என்று பலகை தொங்குகிறது. தரம் சமையலில் இருக்கிறதா, சைவத்தில் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை.

இத்தனைக்கும் எண்ணிக்கை எந்தப் பக்கம்? 2014ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவு முறைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறத்தாழ 71 விழுக்காட்டினர் புலால் உண்பவர்கள். தமிழ்நாட்டில் அது 97 விழுக்காட்டுக்கும் மேல். நூற்றுக்கு மூன்று பேருக்கும் குறைவானவர்களின் உணவு 'இயல்பு' என்றும், மற்ற எல்லோருடைய உணவும் 'விலக்கு' என்றும் ஒரு படிவம் நினைக்குமானால், அந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு வெளியே படிக்கப் போகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் பெயர்களுக்குப் பின்னால் சாதி ஒட்டு கிடையாது. திராவிட இயக்கம் நமக்குக் கொடுத்த கொடை அது. ஆனால் ஒட்டு இல்லாத பெயரைப் பார்த்தால் சிலருக்குக் கை அரிக்கும். நேராகச் சாதியைக் கேட்டால் அநாகரிகம். அதனால் அறைக்கு வந்த முதல் நாளே, 'நீ வெஜ்ஜா?' என்று கேட்பார்கள். ஆம் என்றால் ஒரு முகம், இல்லை என்றால் வேறொரு முகம். அடுத்த கேள்வி 'எல்லாமே சாப்பிடுவியா?' என்பது. அந்த 'எல்லாமே'யில்தான் முழுக் கேள்வியும் இருக்கிறது. திண்டிவனம் பக்கத்திலிருந்து வந்த என் தோழி ஒருத்தி, இந்த விசாரணையிலிருந்து தப்பிக்கவே இரண்டு ஆண்டுகள் சைவம் என்று டிக் அடித்துவிட்டு மெஸ்ஸில் பனீர் சாப்பிட்டாள். ஊருக்கு வந்தால் முதல் வேலையாக அம்மாவிடம் கருவாட்டுக் குழம்பு கேட்பாள். அவளுடைய 'உணவுப் பழக்கம்' எது? படிவத்தில் இருப்பதா, அம்மா வைத்த குழம்பா?

மேசையைப் பிரிக்கும் கைகள்

இது ஏதோ சில அறைத் தோழர்களின் குணக்கேடு என்று விட்டுவிட முடியாது. நிறுவனங்களே இதைச் செய்கின்றன. 2014 அக்டோபரில், ஐஐடிகளில் சைவ மாணவர்களுக்குத் தனி உணவகம் வேண்டும் என்று மத்தியப் பிரதேசத்திலிருந்து ஒருவர் எழுதிய புகாரை, மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் எல்லா ஐஐடிகளுக்கும் அனுப்பி நடவடிக்கை விவரம் கேட்டது. 2018 ஜனவரியில் மும்பை ஐஐடியின் ஒரு விடுதியில், புலால் உண்பவர்கள் தனித் தட்டைப் பயன்படுத்த வேண்டும் என்று மாணவர்களுக்கு மின்னஞ்சல் போனது. அதே ஆண்டு டிசம்பரில் சென்னை ஐஐடியின் ஓர் உணவுக்கூடத்தில் சைவர்களுக்கும் அசைவர்களுக்கும் தனித்தனி நுழைவாயில், தனித்தனி கை கழுவுமிடம் என்று அறிவிப்பு ஒட்டப்பட்டது. அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டம் அதை வெளியே கொண்டுவந்த பிறகு அறிவிப்பு கிழிந்தது.

2023இல் மறுபடியும் மும்பை ஐஐடி. ஜூலையில் விடுதி எண் 12இன் உணவகத்தில், இங்கே சைவர்கள் மட்டுமே உட்காரலாம் என்ற பொருளில் தாள்கள் ஒட்டப்பட்டன. அம்பேத்கர் பெரியார் புலே படிப்பு வட்டம் எதிர்த்தது. இரண்டு மாதம் கழித்து மெஸ் குழுவே ஆறு மேசைகளைச் சைவர்களுக்கென்று அதிகாரபூர்வமாக ஒதுக்கியது. அதை எதிர்த்து அந்த மேசையில் உட்கார்ந்து சாப்பிட்ட மாணவர் ஒருவருக்கு 10,000 ரூபாய் அபராதம். ஒரு மேசையில் உட்கார்ந்து சோறு தின்றதற்கு.

தமிழ்நாட்டில் நமக்கு இது புதிய கதை அல்ல. நூறாண்டுகளுக்கு முன், காங்கிரஸ் கட்சியின் நிதியும் பெற்று வ.வே.சு. அய்யர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பன மாணவர் சிலருக்குத் தனியிடத்தில் சாப்பாடு போடப்பட்டது. பெற்றோருக்குக் கொடுத்த வாக்கு, சில பிள்ளைகள்தானே, இதில் என்ன பெரிய குற்றம் என்றுதான் அப்போதும் சமாதானம் சொன்னார்கள். வரதராசலு நாயுடுவும் பெரியாரும் அதை விடவில்லை. சில பிள்ளைகளின் தனிப் பந்தி தமிழ்நாட்டு அரசியலையே புரட்டிப் போட்ட கதை உங்களுக்குத் தெரியும். ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்கு ஓரிடம், மற்றவருக்கு ஓரிடம் என்ற ஏற்பாடு 1941 வரை நீடித்தது. அதற்கும் போராட வேண்டியிருந்தது. உணவகப் பலகைகளில் 'பிராமணாள்' என்று எழுதியிருப்பதை அழிக்க 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் மறியல் செய்து எத்தனையோ பேர் சிறைக்குப் போனார்கள்.

அன்று பலகையில் இருந்த சொல் 'பிராமணாள்'. இன்று மேசையில் ஒட்டும் சொல் 'சைவம்'. முன்னதைச் சொல்ல இன்று யாருக்கும் துணிவில்லை. பின்னதைச் சொன்னால் அது உடல்நலம், மன உணர்வு, தனிப்பட்ட விருப்பம்.

கரண்டியும் நாற்காலியும்

காய்கறி மட்டும் உண்பவர்களுக்கு உரிமை இல்லையா என்று கேட்பார்கள். உண்டு. எந்தக் காரணத்தால் ஒருவர் புலால் உண்ணாமல் இருந்தாலும், அவருக்கு நல்ல காய்கறி உணவு கிடைக்க வேண்டும். சாம்பாரில் கிடந்த கரண்டியும் கோழிக் குழம்பில் கிடந்த கரண்டியும் மாறக் கூடாது என்று அவர் கேட்டால் அது நியாயமான கோரிக்கை. சமையல்காரர் செய்து கொடுக்க வேண்டும். பாத்திரத்தைத் தனியாக வை என்பதுவரை நமக்குச் சண்டை எதுவுமில்லை.

கரண்டி கலக்கக் கூடாது என்பது உணவைப் பற்றிய கோரிக்கை. பக்கத்து நாற்காலியில் உட்காரக் கூடாது என்பது ஆளைப் பற்றிய கோரிக்கை. முதலாவதை நிறைவேற்றலாம். இரண்டாவதை நிறைவேற்றினால் அதற்குப் பெயர் தீண்டாமை. இந்த இரண்டையும் வேண்டுமென்றே குழப்பித்தான் மேசைகள் பிரிக்கப்படுகின்றன. பக்கத்துத் தட்டில் இருக்கும் மீன் முள் தாவி வந்து யாருடைய தயிர்ச் சோற்றிலும் விழுவதில்லை. பார்த்தாலே தீட்டு, நெருங்கினாலே தீட்டு என்ற பழைய கணக்கைத் தவிர அந்தத் தனி மேசைக்கு வேறு நியாயம் கிடையாது.

வாடை தாங்கவில்லை என்பார்கள். பெருங்காய வாடையும் நெய் வாடையும் பழகாத மூக்குக்குக் கடுமையானவைதான். அதற்காக யாரும் இதுவரை தனி மேசை கேட்டதாக நான் அறியவில்லை. எந்த வாடையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், எதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பதை மூக்கு முடிவு செய்வதில்லை, வளர்ப்பு முடிவு செய்கிறது.

கறி தின்றால் சாதி போய்விடுமா?

இங்கே நம் பக்கத்திலும் ஒரு வசதியான பொய் இருக்கிறது. சைவம் பார்ப்பனியம், அசைவம் சமத்துவம் என்று கோடு போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். அப்படியானால் 97 விழுக்காட்டினர் கறி தின்னும் தமிழ்நாட்டில் சாதி என்றைக்கோ செத்திருக்க வேண்டும். இரட்டைக் குவளையை வைத்தவர்களும் ஆணவக் கொலைக்குக் கத்தி எடுத்தவர்களும் கறிச்சோறு தின்னாதவர்களா? கிடா வெட்டிப் பந்தி போடுகிற ஊரில்தான் சேரிக்குப் பந்தியில் இடமில்லை.

அசைவம் என்ற கட்டத்துக்குள்ளேயே ஓர் ஏணி இருக்கிறது. உங்கள் மெஸ்ஸின் வாரப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். அசைவம் என்றால் முட்டை, பிராய்லர் கோழி. வசதியான இடமென்றால் என்றைக்காவது மீன், ஆட்டுக்கறி. மாட்டுக்கறியும் பன்றிக்கறியும் எந்த வாரத்திலும் வராது. கேரளத்தில் பல கல்லூரி உணவகங்களில் மாட்டுக்கறி வறுவல் சாதாரணப் பண்டம். தமிழ்நாட்டிலும் அதை உண்ணத் தடைச் சட்டம் எதுவும் இல்லை. மலிவான, சத்தான கறியும் அதுதான். இருந்தும் 2022 மே மாதம் ஆம்பூரில் அரசு நடத்தவிருந்த பிரியாணித் திருவிழாவில், மாட்டு பிரியாணிக்குப் பேர்போன அந்த ஊரிலேயே அதற்கு இடமில்லாமல் போனது. மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் இது பாகுபாடு இல்லையா என்று மாவட்ட நிர்வாகத்திடம் விளக்கம் கேட்க வேண்டியிருந்தது. 2012 ஏப்ரலில் உசுமானியா பல்கலைக்கழகத்தில் தலித் மாணவர்கள் மாட்டுக்கறித் திருவிழா நடத்தியபோது வன்முறை வெடித்தது. 2017 மே இறுதியில், மாட்டுச் சந்தை தொடர்பான மத்திய அரசின் புதிய விதிகளை எதிர்த்துச் சென்னை ஐஐடியில் மாட்டுக்கறி உண்ட ஆய்வு மாணவர் ஒருவர் கண்ணில் படுகாயம் அடையும்படி தாக்கப்பட்டார். அந்த வளாகத்தில் கோழி தின்றதற்காக யாரும் அடி வாங்கியதில்லை.

சேர்ந்து உண்பதன் எல்லையை நம் முன்னோர்கள் அறிந்தே இருந்தார்கள். 1917இல் கேரளத்தின் செறாயியில் சகோதரன் அய்யப்பன் புலையர்களோடு அமர்ந்து மிசிர போஜனம் நடத்தியபோது அவருடைய சொந்தச் சாதியே அவரைத் தள்ளி வைத்தது. அவ்வளவு துணிச்சலான காரியம் அது. ஆனால் 1936இல் சாதி ஒழிப்பு நூலை எழுதிய அம்பேத்கர், சமபந்தி மட்டும் சாதியைக் கொன்றுவிடாது என்பதையும் அதில் தெளிவாகச் சொன்னார். ஆகவே நான் கேட்பது 'எல்லோரும் கறி தின்னுங்கள்' என்பதல்ல. யார் எதைத் தின்றாலும் இன்னொருவரை எழுந்து போகச் சொல்லும் அதிகாரம் எவருக்கும் இருக்கக் கூடாது என்பதே. அந்த அதிகாரம் சைவர் கையில் இருந்தாலும் தவறு. கோழி தின்றுகொண்டே மாட்டுக்கறிக்கு முகம் சுளிக்கும் இடைநிலைச் சாதி மாணவர் கையில் இருந்தாலும் தவறு.

ஐம்பது ரூபாய்க்கு மூன்று வேளை

மேசையைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். தட்டில் என்ன விழுகிறது என்பது பணத்தைப் பொறுத்தது. ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளில் தங்கும் கல்லூரி மாணவருக்கான மாத உணவுக் கட்டணத்தைத் தமிழ்நாடு அரசு 2023இல் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ஆக உயர்த்தியது. வரவேற்க வேண்டிய உயர்வு. ஆனாலும் அந்த 1,500ஐ முப்பதால் வகுத்துப் பாருங்கள். நாளொன்றுக்கு 50 ரூபாய். காலை, மதியம், இரவு மூன்றுக்கும் சேர்த்து. 2025இல் இந்த விடுதிகளுக்குச் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் வைத்தார்கள். நல்ல பெயர். பெயருக்குத் தகுந்த குழம்பு வேண்டும் அல்லவா?

பெரிய நிறுவனங்களில் சிக்கல் வேறு மாதிரி. அங்கே அடிப்படைத் திட்டம் சைவமாக இருக்கும். முட்டையும் கறியும் 'எக்ஸ்ட்ரா'. டோக்கன் வாங்க வேண்டும். ஒரு கோழி டோக்கன் 60 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், வாரம் இரண்டு என்று மாதம் 480 ரூபாய். மத்தியப் பல்கலைக்கழகத்தில் நெட் தேர்ச்சி இல்லாத ஆய்வாளருக்குக் கிடைக்கும் உதவித்தொகை மாதம் 8,000. அதிலும் ஒரு பங்கை வீட்டுக்கு அனுப்புகிறவர்கள் நம்மில் அதிகம். உதவித்தொகை நான்கு மாதம் தள்ளி வந்தால் முதலில் நிற்பது அந்த டோக்கன்தான். ஏழை வீட்டுப் பிள்ளை இப்படித்தான் சத்தமில்லாமல் 'சைவம்' ஆகிறது. படிவத்தில் அசைவம், தட்டில் தண்ணீர் சாம்பார்.

பெண்கள் விடுதியில் இது உடம்பிலேயே தெரியும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுவரையான இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தச்சோகை. தமிழ்நாட்டில் 53 விழுக்காடு. காரணங்கள் பல. தட்டு அவற்றில் ஒன்று. கீரையில் உள்ள இரும்புச்சத்தைவிடக் கறியில் உள்ளதை உடம்பு எளிதாக எடுத்துக்கொள்கிறது என்பது பாடப்புத்தகச் செய்தி. முட்டையை எக்ஸ்ட்ராவில் போடும் ஒரு நிர்வாகம், அதே வளாகத்தில் இரத்தச்சோகை விழிப்புணர்வு முகாமும் நடத்துகிறது.

டிக் அடிப்பதற்கு முன்

சரி, என்ன செய்வது? இந்த ஆண்டு விடுதிக்குப் போகிற தம்பி தங்கைகளுக்கு, என் அனுபவத்தில் இருந்து சில கேள்விகள். படிவத்தில் இவை இருக்காது. நீங்கள்தான் கேட்க வேண்டும்.

முதலாவது, எதுவும் டிக் அடிக்காமல் விட்டால் எந்தத் திட்டத்தில் சேர்ப்பார்கள்? பதில் 'சைவம்' என்றால், அந்த நிறுவனம் யாரைத் தன் இயல்பான மாணவராக நினைக்கிறது என்பது தெரிந்துவிடும்.

இரண்டாவது, டிவைடிங் மெஸ்ஸா, ஒப்பந்தக்காரர் நடத்தும் மெஸ்ஸா? டிவைடிங் என்றால் மாதச் செலவு முழுவதையும் சாப்பிட்ட நாட்களுக்குப் பங்கு போடுவார்கள். கணக்கு நோட்டைப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. பாருங்கள். ஒப்பந்தம் என்றால், கட்டணத்துக்குள் வாரத்துக்கு எத்தனை முட்டை, எத்தனை நாள் கறி, எவ்வளவு அளவு என்று எழுத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். எக்ஸ்ட்ராவின் விலையை மாதக் கணக்காகப் போட்டு, மொத்தத்தையும் சேர்த்துப் பார்த்த பிறகே எந்தத் திட்டம் மலிவு என்று முடிவு செய்யுங்கள்.

மூன்றாவது, ஊருக்குப் போகும் நாட்களுக்குப் பணம் கழிப்பார்களா? எத்தனை நாள் முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும்? குறைந்தது எத்தனை நாள் தொடர்ந்து இல்லாமல் இருக்க வேண்டும்? கள ஆய்வுக்கு அலைகிற எங்களைப் போன்றவர்களுக்கு இந்த ஒரு விதியால் ஆண்டுக்குப் பல ஆயிரம் மிச்சமாகும் அல்லது நட்டமாகும்.

நான்காவது, பருவத்தின் நடுவில் திட்டத்தை மாற்றலாமா? அந்தத் தோழியைப் போலப் பயந்து டிக் அடித்தவர்களுக்கு இது பெரிய வழி. அவர்களைக் குறை சொல்லாதீர்கள். துணைக்கு இரண்டு பேர் சேர்ந்தால் அந்தப் பயம் போய்விடும்.

ஐந்தாவது, வீட்டிலிருந்து கொண்டுவரும் உணவுக்கு என்ன விதி? எலுமிச்சை ஊறுகாய்க்கு அனுமதி, கருவாட்டுத் தொக்குக்குத் தடை என்றால் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டாலே பாதித் தடைகள் மறைந்துவிடும். 'பொதுவா யாரும் கொண்டுவர மாட்டாங்க' என்று வாயால் சொல்பவர்கள் அதைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

கடைசியாக ஒரு கேள்வி. மெஸ்ஸில் சமைப்பவர்களும் தட்டுக் கழுவுபவர்களும் எங்கே சாப்பிடுகிறார்கள்? தனி நுழைவாயில் கேட்பவர்களின் எச்சில் தட்டைக் கழுவுவது யார்? நான் இருந்த விடுதிகளில் எல்லாம் ஒப்பந்தத் தொழிலாளர்கள். கழுவுமிடத்தில் பெரும்பாலும் நம் மக்கள். எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு, பின்பக்கம் தரையில் உட்கார்ந்து, மிஞ்சியதைச் சாப்பிடுவார்கள். மாணவர்களுக்குள் மேசை பிரிந்தால் செய்தியாகிறது. இந்தப் பிரிவு செய்தியாவதே இல்லை. சமத்துவ மெஸ் என்று நாம் பேசினால் அந்த அக்காக்களுக்கும் அண்ணன்களுக்கும் அதே கூடத்தில், அதே மேசையில், அதே நேரத்தில் சாப்பாடு என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

கேட்டு வாங்க வேண்டியது

இதற்கெல்லாம் சட்டம் இருக்கிறதா என்று கேட்பீர்கள். தீண்டாமையை எந்த வடிவில் கடைப்பிடித்தாலும் குற்றம் என்கிறது அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு. எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியில் நடந்த பாகுபாட்டை விசாரித்த தோரட் குழு, பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் விடுதியிலும் உணவுக்கூடத்திலும் ஒதுக்கப்பட்டதை 2007இலேயே பதிவு செய்தது. ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனத்திலும் சம வாய்ப்புப் பிரிவும் பாகுபாட்டுக்கு எதிரான அலுவலரும் இருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2012இல் விதி வகுத்தது. உங்கள் நிறுவனத்தில் அந்த அலுவலர் யார் என்று விசாரித்து, பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் அது ஒரு பலகையோடு நிற்கும். மனு போகப் போகத்தான் பலகைக்குப் பின்னால் ஆள் வருவார்.

மேலே சொன்ன எந்த இடத்திலும் நிர்வாகம் தானாக மனம் மாறித் தாளைக் கிழிக்கவில்லை. மாணவர்கள் படம் எடுத்தார்கள், எழுதினார்கள், அந்த மேசையில் உட்கார்ந்தார்கள். அதற்கு முன்னால் செய்ய வேண்டிய சின்ன வேலை ஒன்று உண்டு. மெஸ் கமிட்டிக்குத் தேர்தல் வரும்போது நம்மில் பலர் அதை விளையாட்டாக நினைத்து விட்டுவிடுகிறோம். படிப்பு வட்டம் நடத்துகிறோம், கருத்தரங்கில் பேசுகிறோம், மெஸ் செயலாளர் பதவியை வேறு யாருக்கோ கொடுத்துவிடுகிறோம். மும்பையில் ஆறு மேசைகளை ஒதுக்கியது நாடாளுமன்றமல்ல, மெஸ் குழு.

எனவே தோழர்களே, உங்களுக்கு எது வேண்டுமோ அதை டிக் அடியுங்கள். காய்கறி பிடித்தால் காய்கறி. கறி வேண்டுமென்றால் கறி. யாருக்கும் பயந்து எதையும் மாற்ற வேண்டாம். அடிப்படைத் திட்டத்துக்குள்ளேயே முட்டை வேண்டும், கறி வேண்டும், மேசைகள் பொதுவாக இருக்க வேண்டும், தொழிலாளர்களும் அங்கேயே உட்கார வேண்டும் என்று நான்கு வரி எழுதி, பத்துப் பேரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, முதல் மெஸ் கமிட்டிக் கூட்டத்துக்குப் போங்கள். சைவம் சாப்பிடும் தோழர்கள் அதில் முதல் கையெழுத்தைப் போட்டால் இன்னும் நல்லது.